பேத்தை மீன் தின்றவரின் நாடி

1987இல் அந்தத் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சவுசவு என்ற துறைமுக ஊரில் டாக்டர் என்று யாரும் தங்கவில்லை. சிறிய ஆஸ்பத்திரியில் அனுபவம் உள்ளவள் நர்ஸ் அஞ்சலை ஒருத்திதான். அவளும் அன்று மத்தியானக் கப்பலில் தலைநகர் சுவா போய், சிட்னியில் குடியேற விமானம் ஏற வேண்டியவள். கணவர் சதேந்திரா பெட்டிகளோடு துறைமுகம் போய்விட்டார். வார்டில் சொல்லிக்கொண்டு கிளம்பத்தான் அவள் வந்தாள். அந்த நேரம் பார்த்து நாகையாவைத் தூக்கி வந்தார்கள்.

பா என்ற ஊர்ப் பக்கமிருந்து வந்த கரும்பு விவசாயி கடல் மீனை என்ன கண்டார்? புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் விஷம் முறியும் என்று நம்பி, உடம்பைப் பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீனைத் தின்றிருக்கிறார். அந்த விஷம் புளிக்கும் அசையாது, நெருப்புக்கும் அசையாது. உதடு மரத்து, கைகால் விழுந்து, மூச்சும் நின்றிருந்தது. மணிக்கட்டில் நாடி இல்லை. போய்விட்டார் என்றே முடிவு கட்டிய மனைவி ஜான்கி, கடைசியாக வாயில் ஊற்றத் துளசித் தண்ணீரோடு குனிந்தாள்.

அஞ்சலை டம்ளரைத் தட்டிவிட்டாள். "மூச்சுக்கொழாயில எறங்கும், நீயே சாவடிச்சிடுவ!"

கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மெதுவாக, மிக மெதுவாக ஒரு துடிப்பு. விஷம் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்கி, இதயத்தையும் சோரவைத்திருந்தது. ஆனால் இந்த விஷத்தில் புத்தி விழித்தே இருக்கும். முகமூடியை வைத்து, காற்றுப்பையை ஜான்கியிடமே கொடுத்து அமுக்கச் சொன்னாள். தான் சலைன் ஏற்றி, இதயத்தைத் தட்டியெழுப்பும் ஊசியும் போட்டாள்.

சதேந்திரா ஓடிவந்தார். "கப்பல் கெளம்பப் போவுது, வா!"

"நீங்க போங்க. நான் இவர உடமாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது, வராதா பின்னே? முணுமுணுத்துக்கொண்டே சட்டைக் கையை மடித்து, பையை வாங்கி அமுக்கத் தொடங்கினார். பெட்டிகளோடு கப்பல் போனது. மூவரும் மாறி மாறி அமுக்கினார்கள். கை ஓயும்போதெல்லாம், "உடமாட்டேன்" என்று அஞ்சலை தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மணிக்கட்டில் நாடி திரும்பியது. மூச்சும் தானாக ஓடியது. சாயங்காலம் நாகையா வாய் திறந்தார்.

"எல்லாம் கேட்டுச்சு. உடமாட்டேன், உடமாட்டேன்னு ஒரு அம்மா சொல்லிக்கினே இருந்தாங்களே, யாரு அது?"

ஜான்கி கை காட்டினாள். அதுவரை கல்லாக நின்ற அஞ்சலைக்கு அழுகை வந்துவிட்டது.

சதேந்திரா மெல்லக் கேட்டார். "அடுத்த கப்பலுக்குச் சீட்டு வாங்கட்டுமா?"

"இங்க ஒரு டாக்டர் வரட்டும். அப்பறம் வாங்குங்க," என்றாள் அவள்.