உச்சி வெயிலில் இறங்கும் பாராங்

மரக்கிளை வெட்டும் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு: காலையில் நமக்கு நிழல் கொடுத்த மரத்தை நடுப்பகலுக்குள் நாமே மொட்டையாக்கிவிட்டு, பிறகு நிழலைத் தேடி அலைவோம். வெயிலில் நின்று பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு, நாங்கள் சிலர் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வாடகைக்குக் குடியேறினோம். அது எழுபதுகளின் கடைசி. சாலையோர மரங்களையும் வீட்டு மரங்களையும் வெட்டிச் சீர் செய்யும் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை கிடைத்தது. சீன முதலாளியாதலால் அவரைத் தவுக்கே என்போம். மரம் ஏறுபவர் சன்னாசி அண்ணன். கீழே கயிறு பிடிப்பவன் நான். விழுந்த கிளைகளை இழுத்து லோரியில் ஏற்றுபவர் பாக்கியம் அக்கா. எங்களை வேலை வாங்குபவர் மண்டோர் ராஜு. அவர் கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும்.

மாமனும் இல்லை, மச்சானும் இல்லை

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு வரிசையில் நின்று பெயர் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி முடித்துப் பழகியவர்கள் நாங்கள். டவுனில் அப்படி இல்லை. எட்டு மணிக்குத்தான் லோரி வரும். சூரியன் உச்சிக்கு வரும்போது சன்னாசி அண்ணனும் மரத்தின் உச்சியில் இருப்பார். ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகள் தங்கள் பங்குச் சூட்டையும் எங்கள் பக்கம் திருப்பிவிடும்.

ஒரு நாள் தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் மேல் அண்ணனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வியர்த்த கையிலிருந்து பாராங் நழுவியது. அந்த நீண்ட வெட்டுக்கத்தி பாக்கியம் அக்காவின் காலருகே மண்ணில் குத்தி நின்றது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். உச்சி வெயில் வந்ததும் அண்ணன் பாராங்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்குவார். பிறகு அவர் இறங்குவார். கொஞ்ச நேரம் படுப்போம், எழுந்து தரை வேலை பார்ப்போம். வெயில் தாழும்வரை அந்தப் பாராங்கை யாரும் தொடக்கூடாது.

இது யார் போட்ட சட்டம் என்று மண்டோர் கேட்டார். சன்னாசி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கை வேர்த்துப் போனா கயிறு எனக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல லா. விட்டுரும்."

நிழல் மட்டும் விழ வேண்டும்

அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவரின் பங்களாவில் ஒரு மாமரம். அதன் இலை சாக்கடையில் விழக்கூடாது, ஆனால் நிழல் மட்டும் வாசலில் விழ வேண்டும் என்பது அவருடைய மனைவியின் கட்டளை. காலை முழுவதும் அந்த அம்மாள் ஒவ்வொரு கிளையாகக் காட்டி, "இதை விடுங்கோ, இதை வெட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிய கிளையை அரை மணி நேரத்தில் மறந்து மாற்றியும் சொன்னார்.

பாராங் இறங்கியது. கோணிச் சாக்கை விரித்து நாங்கள் படுத்தோம். அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "எங்கட அவர் எவ்வளவு வருஷம் கந்தோரில வேலை செய்தவர். ஒரு நாளாவது மத்தியானம் இப்பிடிப் படுத்தவரோ?" என்று உரக்கக் கேட்டார். பாக்கியம் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "ஐயா மேசை மேல ஏறி நின்னா வேலை செஞ்சாரு அம்மா? தூக்கம் வந்து விழுந்தாலும் நாற்காலியிலதானே விழுவாரு?" என்றாள். அந்த அம்மாள் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் வராந்தாவின் சாய்வு நாற்காலியிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, கிராணி சொன்னார்: "சத்தம் போட்டு அவையளை எழுப்பாதையும். பிறகு நானும் எழும்ப வேண்டி வரும்."

எறும்பும் குடையும்

ஒரு சீனர் காப்பிக்கடையின் பின்னால் இருந்த ரம்புத்தான் மரம் முழுக்கக் கெரங்கா கூடு கட்டியிருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் குடியிருக்கும் அந்தச் சிவப்பு எறும்பு கடித்த இடத்தில் தீக்குச்சியால் சுட்டது போல இருக்கும். சன்னாசி அண்ணன் உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு ஏறியும் பயனில்லை. இறங்கியபோது அவர் கழுத்து தடித்துச் சிவந்திருந்தது.

மண்டோர் குடைக்குக் கீழே நின்று ஐஸ் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். "பாருங்க, இந்த வெயில்ல எறும்பே ஏறி இறங்கி வேலை செய்யுது. உங்களுக்கு என்ன கேடு?" என்றார். முக்காட்டுத் துணியிலிருந்து எறும்புகளைப் பொறுக்கிப் போட்டபடியே பாக்கியம் அக்கா சொன்னாள்: "எறும்புக்குக் கீழ குடை பிடிச்சு நிக்க ஒரு மண்டோரு இல்ல லா. அது தானா ஏறுது, தானா இறங்குது. எங்களையும் அப்படி விட்டுப் பாருங்க."

ஒரு நாள்தானே

இந்தப் பேச்சு தவுக்கேயின் காதுக்குப் போயிற்று. மறுநாளைய வேலை, ஒரு கடை வரிசைக்கு முன்னால் நிற்கும் பெரிய அங்சானா மரம். கூரை மேல் சாய்ந்த கிளைகளை நிற்காமல் வெட்டி முடிக்க வேண்டும், உச்சி வெயிலில் பாராங் இறங்கினால் அதற்கு மறுநாள் முதல் லோரி புந்தோங் பக்கமே வராது என்று மண்டோர் வந்து சொன்னார். திரும்பிப் போக எங்களுக்குத் தோட்டமும் இல்லை.

அன்று மாலை பாக்கியம் அக்காவின் வீட்டு வாசலில் கூடினோம்.  "ஒரு நாள்தானே அண்ணே, ஏறிட்டுப் போலாமே" என்றேன் நான். பாக்கியம் அக்கா என்னைத்தான் பார்த்தாள். "அந்தப் பாராங் என் கால்ல விழுந்திருந்தா நான் ஒரு நாள்தான் நொண்டியிருப்பேனா? கயிறும் கத்தியும் அண்ணன் வீட்டுலதானே இருக்கு. பெரட்டு நேரத்துக்கு எழுந்திரிங்க. லோரி எதுக்கு, நடந்தே போலாம்."

குடை கீழே, மண்டோர் மேலே

மறுநாள் வெளிச்சம் வந்தபோது நாங்கள் மரத்தடியில் இருந்தோம். லோரி வந்து சேர்ந்தபோது பாதி மரம் தரையில் கிடந்தது. லோரியிலிருந்து இறங்கிய மண்டோர் குடையை விரித்தார். உச்சி வெயில் வந்தபோது ஒரே ஒரு கிளை பாக்கி. அது கடையின் தகரக் கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்தது. பாராங் இறங்கியது. அண்ணனும் இறங்கினார்.

"நாளைக்கு வேலை இல்ல, தெரியுமா?" என்றார் மண்டோர்.

"தெரியும்" என்றார் அண்ணன். பாராங் தரையில் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். மண்டோருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஏறாத மரமா!" என்று குடையை வீசிவிட்டு, பாராங்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். அவருடைய கயிற்றை நான்தான் பிடித்தேன். சண்டை வேறு, கயிறு வேறு.

கவட்டில் உட்கார்ந்து இரண்டு வெட்டு வெட்டினார். கீழே தகரம் வெயிலை அவர் முகத்தில் அடித்தது. மூன்றாவது வெட்டுக்குக் கை எழவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். பாக்கியம் அக்கா அவருடைய குடையை எடுத்து விரித்து, நிழலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "மண்டோரே, எறும்பே வேலை செய்யுது லா!"

 அந்த நேரம் பார்த்துத் தவுக்கேயின் கார் வந்து நின்றது. ஏன் வேலை நிற்கிறது என்று தவுக்கே கத்தினார். என் கையில் கயிறு அசைந்தது. அண்ணன் கட்டுவது போலவே பத்திரமாக முடிச்சிடப்பட்டு, பாராங் மெல்ல இறங்கி வந்தது. அதன் பின்னால் மண்டோரின் குரல். அவர் மலாய் மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "தவுக்கே, பாராங் இறங்கிருச்சு. வெயில் தாழட்டும். இப்ப யாரும் ஏற முடியாது."

அன்று மாலை சன்னாசி அண்ணன் கடைசிக் கிளையை வெட்டி முடித்தார், மறுநாள் முதல் லோரி விடியுமுன்னே புந்தோங்குக்கு வந்தது. வெயில் சுடும் என்பதைச் சட்டமாக்க வேண்டுமானால் ஒரு மண்டோரை அதில் கொஞ்ச நேரம் காய வைத்தால் போதும் என்று தெரிந்துகொண்டோம்.