பீற்றரின் கமராவும் என் கலியாண வீடுகளும்

கமராக்காரன் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: படம் வடிவாக வந்தால் பொம்பிளை வடிவு, வராவிட்டால் கமராக்காரன் சரியில்லை. தோள் நோகக் கமரா சுமந்து இந்தப் பேச்சை வாங்கியவர்களுக்கு என் கதை புரியும். வார நாட்களில் விளம்பரப் படங்களுக்கு ஃபோகஸ் பார்ப்பேன். நடிகர் அசையும்போது முகம் மங்காமல் லென்ஸைத் திருப்புகிற வேலை. சனி ஞாயிறில் மெல்பேர்ண் தமிழர்களின் கலியாண வீடியோ. ஒளிப்பதிவுக்கு விருதுகள் வாங்கிப் பிறகு இயக்குநரான பீற்றர் என்ற ஆங்கிலேயர் இங்கே படமெடுக்க வந்தார். அவருடைய ஃபோகஸ்காரருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, இரண்டு கிழமைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிழை விடாவிட்டால் கடைசி நாள் வரை நான்தான் என்றார்கள்.

தேத்தண்ணி

முதல் நாள் பீற்றர் தானே தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் கதிரையை விட்டு எழும்பிக் கைகட்டி நின்றேன். "இருந்து குடியும்" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான், எனக்குக் கேட்பது எங்கட தமிழில். பதினாறு வயதில் லண்டன் ஸ்ரூடியோ ஒன்றில் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கியவராம். பிறகு கிளாப் அடித்து, லென்ஸ் துடைத்து, கன வருடம் கழித்துத்தான் கமராவில் கண் வைக்க விட்டார்களாம். விருதுகளைப் பற்றிக் கேட்டேன்.

"விருது குடுக்கிறவை சிலவேளை பிழை விடுவினம். நான் ஊத்தின தேத்தண்ணியை இதுவரைக்கும் ஒருத்தரும் பிழை சொன்னதில்லை."

சனிக்கிழமைப் பழக்கம்

மூன்றாம் நாள், நாயகி ஒரு கடிதத்தை வாசித்து அழவேண்டும். செட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்ததும் என் வாய் அன்றைக்குச் சனிக்கிழமை என்று நினைத்துவிட்டது. "தங்கச்சி, இங்க பாத்துச் சிரியுங்கோ" என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். காட்சி கெட்டது. தயாரிப்பு நிர்வாகி கரன் என்ற வெள்ளைக்காரி, இன்னொரு பிழை வந்தால் சிட்னியிலிருந்து வேறு ஆளை எடுப்பேன் என்றாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. என்ன சொன்னேன் என்று விசாரித்த நாயகி, கண்ணைத் துடைத்தபடி கரனிடம் சொன்னாள்:

"மூண்டு நாளா அழுறன். என்னைச் சிரிக்கச் சொன்ன முதல் ஆள் இவர்தான்."

பொயிண்ட் குக்கில்

அந்தச் சனிக்கிழமை மெல்பேர்ணின் ஓரத்திலுள்ள பொயிண்ட் குக்கில் மதுரைக்காரர் ஒருவரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். எனக்குப் பெருமை வாய்க்குள் நிற்கவில்லை. பீற்றர் வாங்கிய விருதுகள், அவர் படங்களின் வெளிச்சம், அவருக்குப் பக்கத்தில் நான் நிற்பது என்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். மனுசன் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி, அவர்கிட்ட ட்ரோன் இருக்கா?"

ஒரே தரம்

இரண்டாம் கிழமை முடிவில், நாயகி இடுப்புவரை வளர்த்த தன் சொந்தத் தலைமுடியைக் கண்ணாடி முன் வெட்டும் காட்சி. மறுதரம் எடுக்க வழியில்லை. என்னை நம்பாமல் கரன் சிட்னி ஆளுக்கு விமான ரிக்கெற் போடப் போனாள். பீற்றர் என்னைக் கூப்பிட்டு, திருப்பி எடுக்க ஏலாத எதையாவது எடுத்திருக்கிறீரா என்று கேட்டார். "தாலிகட்டு" என்றேன். கெட்டிமேளம் கேட்டதும் சபை எழும்பும், அன்ரிமார் முன்னுக்கு வருவார்கள், அரிசி லென்ஸில் விழும், மாப்பிள்ளையின் முதுகு மறைக்கும். இத்தனைக்குள்ளும் முடிச்சு தெளிவாகத் தெரியவேண்டும், இல்லையென்றால் இரண்டு குடும்பமும் ஆயுள் முழுக்க என்னைத் திட்டும் என்று விளக்கினேன். எத்தனை தவறவிட்டீர் என்றார். "ஒண்டும் இல்லை." சிட்னி ஆள் வேண்டாமென்று கரனுக்குச் சொல்லிவிட்டார்.

கமரா ஓடியது. பாதி முடியை வெட்டியவள், ஒத்திகையில் இல்லாத மாதிரி எழும்பித் திரும்பி நேரே கமராவை நோக்கி வந்தாள். என் கை யோசிக்காமல் லென்ஸைத் திருப்பியது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது அவள் இமைமயிரைக்கூட எண்ணலாம் போலிருந்தது. பீற்றர் கரனிடம் திரும்பினார்.

"அடுத்த படத்தைத் தமிழருக்குக் கலியாணம் இல்லாத மாதமாப் பாத்துத் தொடங்கும். இவர் எனக்கு வேணும்."

ஆடி மாதம் எப்போது பிறக்கும் என்று கலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கலியாண வீடியோக்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.