குதிரை மட்டும் திரும்பிய காலை

மகள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் ஒடாஹுஹுப் பகுதியில், பழைய சாமான் விற்கும் கடையொன்றில் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுவீடன் நாட்டுப் பிரபு ஒருவரின் வரலாறு. யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தும் அவர் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. பதினைந்து வயதில் போருக்குப் போனவர் என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதற்காகவே வாங்கினேன். எங்கள் மகன் இயக்கத்துக்குப் போனபோது பதினேழு.

அதே நகரில் ஹில்ஸ்பரோவிலுள்ள மகள் வீட்டு முன்னறையில், மகனின் படத்துக்குக் கீழே இருந்து தினம் பத்துப் பக்கம் வாசித்தேன். போலந்தில் பிரபுவின் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆறியதும் குதிரைப்படையில் கப்டன் ஆனார். ஜெர்மனியில் ஒரு படைப்பிரிவே அவர் கையில் வந்தது. கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்லித் தாய்க்கு எழுதினார். மகன் எங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு முகாம் தாக்குதலுக்குப் பிறகு அவனைக் கண்டவரில்லை. உடல் வரவில்லை.

கடைசி அத்தியாயத்தில் நிறுத்திவிட்டேன். பதினெட்டுப் பக்கம் மிச்சம். வாசிக்காதவரை அவர் குதிரையில் இருப்பார்.

அதன் பிறகுதான் அந்த வீட்டில் குதிரைச் சேணத்தின் ஈரத்தோல் மணக்கத் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் நான், மனைவி, மகள், மருமகன், பேத்தி என்று ஐந்து பேர். எண்ணினால் சில நாட்களில் ஆறு வந்தது.

மனைவி கேட்டாள். "உங்கட சுவீடன்காரன் இன்னும் சாகேல்லையோ?"

"இல்லை."

"பாவம், ஆளை இறக்கிவிடுங்கோ. எத்தினை நாளைக்குக் குதிரையில இருப்பார்?"

மகனுக்காக ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அவள் முன்பு கேட்டிருந்தாள். உயிரோடு இருக்கிறவனுக்கு அந்தப் பூசை எதற்கு என்று நான் மறித்துவிட்டேன். பிறகு அவள் கேட்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு மகள் முன்னறையில் வண்ண பல்ப் சரம் கட்டினாள். பெட்டியில் நூறு என்று போட்டிருந்தது. தொண்ணூற்றேழுதான் இருந்தன. சரத்தின் நுனியை மாட்ட இடமில்லாமல் மகனின் படத்து ஆணியில் மாட்டியிருந்தாள். சிவப்பு பல்ப் ஒன்று அவன் முகத்துக்கு நேர் கீழே தொங்கி எரிந்தது. எங்கள் ஊர் வீடுகளில் சாமிப் படத்தை விட்டால் இறந்தவர் படத்துக்குத்தான் சிவப்பு பல்ப் போடுவோம். சின்ன வயதிலேயே வெளிநாடு வந்த மகளுக்கு அது நினைவில்லை. மாற்ற வேண்டும் என்று எனக்கு அந்தரமாக இருந்தது. ஏணி கராஜில் இருந்தது.

மறுநாள் வெயில் சாயுமுன், கார் திருத்தும் மன்னார்த் தம்பி ஒருவர் கேக்கோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் நின்றார். சிலுவை அடையாளம் போட்டார்.

"எப்ப அண்ணை? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அது கிறிஸ்மஸ் பல்ப் என்று சொல்ல வாயெடுத்தேன். குசினி வாசலில் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு வருசம் தம்பி," என்றாள்.

அவர் கேக்கை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். ஐந்து வருடத்தில் அவள் அழுது நான் கண்டது அன்றுதான். நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் போனபின் அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். மூடுபனிக் காலை. முதலில் குதிரை மட்டும் திரும்பியது. பிரபு மற்றப் பிணங்களுக்கு அடியில் கிடந்தார். உடுப்பை யாரோ உருவியிருந்தார்கள். தொடையிலிருந்த பழைய தழும்பை வைத்து அடையாளம் கண்டார்கள். குளிர்காலம் முடிந்து கப்பலில் சவப்பெட்டி தாயிடம் வந்தது.

"எங்கட பிள்ளைக்கும் தழும்பு இருந்தது," என்றாள். "சைக்கிளால விழுந்தது."

"ஓம். இடது முழங்கால்."

"வலது."

நாங்கள் இருவரும் படத்தைப் பார்த்தோம். படம் மார்பு வரைதான் இருந்தது.

பண்டிகை முடிந்து மகள் சரத்தைக் கழற்றினாள். நான் கடைக்குப் போய் ஒரு சிவப்பு பல்ப் வாங்கிவந்து மாட்டினேன். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மேசையில் இப்போது ஐந்துதான் வருகிறது. ஆனாலும் மறுபடி எண்ணுகிறேன்.