ஒரே டாக்டர், ஒரே கடை

மருந்துக் கடை மேசையின் கண்ணாடி மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவர் நிற்பார். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பும்போதும் அவை நகர்வதில்லை. மாத்திரையைப் பையில் போட்டு நீட்டிய பிறகுதான் ஒரு கை எழும்பும். "என் கை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியணும் சார். எனக்கும் தெரியணும்" என்பார். வாங்குவது வெறும் ரத்த அழுத்த மாத்திரை.

எங்கள் எதிர் வீட்டுக்காரர். தெருவில் எல்லோருக்கும் 'டிரைவர்'. பேருந்து ஓட்டுவதை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அதே பணிமனையில் பேருந்து கழுவுகிறார். சக்கரத்திலிருந்து கூரை வரை அழுத்தித் தேய்ப்பவர், ஓட்டுநர் இருக்கைக்கு வந்ததும் படியில் நின்றபடியே கையை நீட்டி ஸ்டியரிங்கைத் துடைப்பார். உட்கார மாட்டார். வண்டியை ஒரு முழம் நகர்த்த வேண்டுமென்றாலும் யாரையாவது கூப்பிடுவார். "லைசென்ஸ் இல்லாதவன் சார் நான்" என்று, வெயிலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்வார்.

முதுகு வலியில் ஆரம்பித்தது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரைக்கு வலி கேட்டது. வலி போன பிறகும் மாத்திரையை விட முடியவில்லை. ஒரு டாக்டரிடம் வாங்கியதை மறைத்து இன்னொருவரிடம் போனார். அதுவும் போதாமல், பழைய சீட்டை நகலெடுத்து, தேதியை மாற்றி, மூன்று கடைகளில் நீட்டினார். மாட்டிக்கொண்ட கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்: "ஊர் முழுக்க மருந்துக் கடை இருக்கு சார். நான் போனது மூணும் என் ரூட்டுலயே. ஸ்டாப் பாத்துப் பழகின புத்தி, வேற தெருவுல திரும்பத் தெரியல." முதல் கடையில் வேலை பார்த்த பெண், தினமும் அவர் பேருந்தில் வருகிறவள். ஒருநாள் மூன்றாவது கடைக்கு மாற்று ஆளாகப் போயிருந்தாள். இவர் சீட்டை நீட்டினார். "நேத்துதானே எங்கிட்ட வாங்கினீங்க, அண்ணே?" என்றாள்.

பொய்ச் சீட்டு, மோசடி என்று வழக்கு நடந்தது. மருந்து மயக்கத்தோடு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்று அரசு வக்கீல் சொன்னபோது, மறுத்துப் பேச எழுந்த தன் வக்கீலைக் கையமர்த்தி உட்கார வைத்தாராம். "அன்னிக்கு அங்க கூட்டாம குறைக்காம சொன்னது அது ஒண்ணுதான்" என்பார். நீதிபதி சிறைத் தண்டனை விதித்து, அதை நிபந்தனைகளோடு நிறுத்தி வைத்தார். ஒரே டாக்டர், ஒரே கடை. கூப்பிட்டபோதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனை. அடுத்தவருடைய மாத்திரை ஒன்று கையில் இருந்தாலும் உள்ளே போக வேண்டியதுதான். வேலையும் லைசென்ஸும் அப்போதே போயின.

"இந்த மனுஷனுக்கு வலிச்சாக்கூட சாட்சி வேணும்" என்பது அவர் மனைவியின் பேச்சு. பல் பிடுங்கப் போனவர், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, "டாக்டர், முதல்லயே சொல்லிடறேன், நான் கேஸ்காரன்" என்றிருக்கிறார். திரும்பி வரும்போது பார்த்தேன். வீங்கின கன்னத்தோடு, பரீட்சையில் தேறியவர் போல நடந்து வந்தார்.

என் மனைவி படுக்கையில் விழுந்திருந்த மாதங்களில் தவறாமல் வந்தார். ஆனால் அறை வாசலைத் தாண்ட மாட்டார். மற்றவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள, இவர் மட்டும் வெளியே நின்று பேசுவது எனக்கு உறுத்தியது. அவளுக்குக் காரணம் புரிந்திருந்தது. அவள் தலைமாட்டில் இருந்தது அதே மாத்திரை.

"உள்ள வாங்கண்ணே, கடிச்சிட மாட்டேன்."

"இருக்கட்டும்மா. இங்க காத்து நல்லா வருது."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமாம்மா" என்று ஒத்துக்கொள்வார். அந்த வலியிலும் அவள் சிரிப்பாள்.

அவள் இறந்த பிறகு வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றார். ஆறுதல் சொல்லவில்லை.

"அந்த மாத்திரை மிச்சம் இருக்கா சார்?"

"மேசை டிராயர்ல இருக்கு."

"கடையில திருப்பிக் குடுத்தா அழிச்சிடுவாங்க. வாங்க, போயிட்டு வந்துடலாம்."

"இப்ப என்ன அவசரம்? மெதுவாக் குடுக்கலாம்."

"நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்." தரையைப் பார்த்தபடி கேட்டார்: "தூங்கறீங்களா சார்?"

என் கண் டிராயர் பக்கம் போனது.

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். தெருவில் பை இருந்த பக்கம் அவர் வரவில்லை. என்னோடு வருவதே அவருக்கு ஆபத்து. யாராவது நிறுத்திக் கேட்டால் என்னை நம்புவார்கள், அவரை நம்ப மாட்டார்கள். பாதி வழியில் தூறல் விழுந்து, சட்டென்று வலுத்தது. அக்குளில் இடுக்கியிருந்த குடையை எடுப்பதற்காக, யோசிக்காமல், பையை அவரிடம் நீட்டிவிட்டேன்.

அவர் பையைப் பார்த்தார். வலது கை பாதி எழுந்து, அந்தரத்தில் நின்றது. பிறகு அது என் அக்குளிலிருந்து குடையை உருவியது. விரித்து, எனக்கும் பைக்கும் மேலாகப் பிடித்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, தான் நனைந்தபடியே, கடை வரைக்கும் கூட நடந்து வந்தார்.