‘முடிந்திருக்கும்’ என்று நான் சொன்ன நாள்

அந்தப் பச்சை விளக்கை நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன். லாரிகளின் பக்கவாட்டில் எரியுமே, அந்த ரகம். திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டின் கட்டுப்பாட்டு அறையில், கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு மரப்பலகையை அடித்து, அதில் ஒரு பச்சையும் ஒரு சிவப்புமாகப் பொருத்தினேன். நிறத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். யார்டு வாசலில் பச்சை எரிந்தால் டிரெய்லர் நகர்ந்தே ஆக வேண்டும். சிவப்பு எரிந்தால் முதலாளியின் காரும் நிற்க வேண்டும். அங்கே வேலை பார்த்த யாரும் பச்சையோடு வாதாட மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த பெண்மணியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. இனியும் தள்ளிப்போட முடியாது. அவரை எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். கன்னியாஸ்திரீயும் இல்லை, நர்ஸும் இல்லை. ராயபுரத்துக்காரர், கணவர் துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலையில் இருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியதைப் பார்த்து யாரோ ஒரு டிரைவர் ஆரம்பித்து வைத்த பெயர், முதலாளி வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. பிளஸ் டூ படித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தார். நான் கணிதத்தில் முதுகலை. அவருடைய மேலதிகாரி.

யார்டில் கன்டெய்னர்கள் நாலு அடுக்காக நிற்கும். அடியில் இருப்பது கப்பலுக்குப் போக வேண்டுமென்றால் மேலே இருக்கும் மூன்றையும் இறக்கி வேறெங்காவது வைக்க வேண்டும்; வைக்கப் போகிற இடத்தில் இன்னொன்று வழியை மறிக்கும். எதை முதலில் எடுப்பது, எங்கே வைப்பது என்று திட்டம் போட்டுக் கொடுக்க ஒரு புரோகிராம் இருந்தது. எழுதியவன் நான். சில நாள் பத்து நிமிஷத்தில் முடிக்கும். சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். ஒருமுறை நாலு மணி நேரம் ஓடி, பிரமாதமான திட்டம் ஒன்றைக் கொடுத்தது. எப்போதாவது எங்கேயோ மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை செய்கிறதா, மாட்டிக்கொண்டதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே சின்னக் கட்டம்தான் விட்டுவிட்டு மின்னும். நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்தது அத்தனையும் போய்விடும்.

வெளியே எண்ணூர் சாலை முழுக்க டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டுவார்கள்.

“இன்னா சிஸ்டர், உன் மிசினு இன்னிக்கு முடிக்குமா, இல்ல நாங்க இங்கியே குடித்தனம் பண்ணணுமா?”

“முடிச்சிச்சின்னா முடிச்சிட்டேன்னு அதுவே சொல்லும் நைனா. முடிக்கவே மாட்டேன்னு அது எப்பிடிச் சொல்லும்? சுத்திகினே கீறது எப்ப நின்னு, எப்ப சொல்றது? போய் டீ குடி, போ.”

இதைக் கேட்ட அன்று நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டேன். இந்த விஷயத்துக்கு முறையான நிரூபணம் இருக்கிறது. அதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். இவரோ டிரைவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அதில் பாதி தூரம் வந்திருந்தார். மீதியை அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். எந்தப் புரோகிராமைக் காட்டினாலும் இது நிற்கும், இது நிற்காது என்று தவறாமல் சொல்லும் ஒரு நீதிபதிப் புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உடனே நான் ஒரு வம்புக்காரப் புரோகிராம் எழுதுவேன். அது தன்னைப் பற்றியே நீதிபதியிடம் போய்க் கேட்கும். நிற்கும் என்று தீர்ப்பு வந்தால் நிற்காமல் சுற்றும். நிற்காது என்று வந்தால் அந்த நிமிஷமே நின்றுவிடும். நீதிபதி எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடுகிறது. ஆகவே அப்படி ஒரு நீதிபதி இருக்கவே முடியாது.

சிஸ்டர் சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தார். “எங்க மாமியார அப்பிடியே எழுதி வச்சிகிறீங்க சார். இன்னா செய்யப்போகுதுன்னு நான் வாயத் தொறந்து சொன்னா போதும், அதுக்கு நேர் எதிராத்தான் செய்யும்.”

ஆறு மாதம் கழித்து எங்கள் பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு நேரம் ஆகுமென்று தெரியாமல் எப்படித் தொழில் நடத்துவது, முடியுமா முடியாதா என்று முன்கூட்டியே சொல்ல ஒரு புரோகிராம் எழுத முடியாதா என்று கேட்டார். துணைப் பொது மேலாளர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது. “எழுதலாம் சார்,” என்றேன்.

எழுதியது வெறும் குறி சொல்லும் வேலை. அன்றைக்கு எத்தனை கன்டெய்னர், யார்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது, முன்பு இதுபோன்ற நாட்களில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துவிட்டு, முடியும் என்று பட்டால் பச்சையையும், முடியாது என்று பட்டால் சிவப்பையும் எரியவிடும். பெரும்பாலும் சரியாக இருந்தது. அதில் தப்பில்லை. ‘அநேகமாக’ என்று எழுதி ஒரு மஞ்சள் விளக்கை வைத்திருந்தால் நான் யோக்கியன். மஞ்சள் விளக்குக்கு யாரும் பதவி உயர்வு தருவதில்லை. பச்சை எரியும்போது என் கையெழுத்து இல்லாமல் யாரும் புரோகிராமை நிறுத்தக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டேன்.

பலகையைப் பொருத்திய அன்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்: “முடியவே முடியாதுன்னு அன்னிக்கு சொன்னீங்களே சார்?”

“அது புத்தகத்தில். இது யார்டு.”

“அப்ப அந்த வம்புக்காரன் இங்க வரமாட்டானா?”

நான் ஸ்விட்சைப் போட்டு விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்தேன். அந்த வருஷமே துணைப் பொது மேலாளர் ஆனேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் அந்த வம்புக்காரன் வந்தான். யார்டில் கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் நாலு மணிக்குள் நாற்பது கன்டெய்னர்கள் துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு சிஸ்டர் புரோகிராமை ஓடவிட்டார், பச்சை எரிந்தது. நான் அண்ணா சாலையில் ஒரு பெரிய ஹோட்டலில், மற்ற யார்டுகளின் முதலாளிகளுக்கு முன்னால் என் புரோகிராமைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பத்தரை மணிக்கு செல்போன் அடித்தது.

“சார், இன்னும் முடிக்கல. நிறுத்திட்டு கையால பிளான் போடட்டுமா?”

“பச்சை எரிகிறதா?”

“எரியுது.”

“பிறகென்ன? காத்திருங்கள்.”

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அடித்தது. அப்போது நான் மேடையில் இருந்தேன். எடுக்கவில்லை. ஒரு மணிக்கு சிஸ்டர் புரோகிராமை நிறுத்திவிட்டு, நோட்டும் பேனாவுமாக மழையில் இறங்கி, கிரேன் டிரைவரின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி எடுக்கவைத்தார். முப்பத்துநாலு கன்டெய்னர்கள் கப்பலேறின. ஆறு நின்றுவிட்டன. அந்த ஆறும் ஒரே வாடிக்கையாளருடையவை. எங்களுக்கு மிக வேண்டியவர்.

விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் மழையில் நனைந்து சுருங்கிய நோட்டுடன் சிஸ்டர். அவர் எனக்கு போன் செய்ததைச் சொன்னார். “காத்திருக்கத்தான் சொன்னேன்,” என்றேன். அது உண்மை. எடுக்காத போனைப் பற்றி நான் பேசவில்லை. பொது மேலாளர் என் பக்கம் திரும்பினார்: “நிறுத்தாமல் விட்டிருந்தால் முடிந்திருக்குமா?”

தெரியாது என்பதுதான் பதில். அந்த அறையில் அதை அறிந்து சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். ஹோட்டலுக்கு வந்திருந்த முதலாளிகளில் மூன்று பேர் என் புரோகிராமை விலைக்குக் கேட்டிருந்தார்கள். “முடிந்திருக்கும்,” என்றேன்.

சிஸ்டரின் வேலை போயிற்று. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தீர்த்த அன்று வராந்தாவில் என்னை நிறுத்தி, “சார், எனக்கு மட்டும் சொல்லுங்க. இன்னும் எவ்ளோ நேரம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும்?” என்று கேட்டார். என்னை நம்பித்தான் கேட்டார். “கொஞ்ச நேரம்தான்,” என்றேன். அவர் நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டார். “எனக்கு எப்பவுமே அவசரம் சார்.”

மறுவாரம், அன்றைய விவரங்களையே கொடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓடவிட்டேன். மூன்று நாள் ஓடியது. பிறகு நிறுத்திவிட்டு, நான் எழுதியதை நானே வரிவரியாகப் படித்தேன். எல்லாப் புரோகிராம்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் ஒன்று இல்லைதான்; ஆனால் ஒரே ஒரு புரோகிராமை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பொறுமையாக உட்கார்ந்தால் சில சமயம் உண்மை தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வரிசைக் கன்டெய்னரை ஐந்தாம் வரிசையில் வை. அங்கே இருப்பதை ஒன்பதாம் வரிசையில் வை. அங்கே இருப்பதை மூன்றாம் வரிசையில் வை. இப்படி மூன்று சுற்று வந்தால் முன்பு எப்படி இருந்ததோ அதே நிலை. மறுபடி முதலிலிருந்து. உலகம் அழியும்வரை அது சுற்றியிருக்கும். சிஸ்டர் நிறுத்தியிராவிட்டால் நாற்பதில் ஒன்றுகூடப் போயிருக்காது. இரண்டு வரிகளைத் திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அதே நாற்காலியில் இருந்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

போன மாதம் மருந்துக்கடையில் பழைய டிரைவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சிஸ்டரா? அது அதே வூட்லதான் கீது சார். உங்களப் பத்தி கேக்கும்,” என்றார். நாலு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் குறுகிய சந்தில் இரண்டு அறை வீடு. பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. “சார்! வாங்க சார். இன்னா சார் இப்பிடி எளச்சிட்டீங்க?” என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேலை போனபிறகு காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாராம். விரல்களில் தெரிந்தது. நான் வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“அன்னிக்குப் பொறுத்திருக்கணும் சார். அதுக்கப்புறம் நான் எதையும் பாதியில வுட்டதே கெடையாது. எம் பொண்ணு, புருசன் அடிக்கிறான்னு அழுதுகினு வந்து நிக்கும். இன்னும் கொஞ்ச நாள் பொறு, எல்லாம் முடிஞ்சிடும்னு திருப்பி அனுப்பிடுவேன். உங்க கதையத்தான் சொல்லுவேன் அதுகிட்ட. எங்க சாரே சொன்னாரு, கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும்னு. எட்டு வருசம் சார். இப்ப இங்கதான் கீது. ஒரு காது சுத்தமா கேக்காது.”

சொல்லிவிட்டேன். மேடையில் இருந்ததை, எடுக்காத போனை, மூன்று நாள் ஓடியதை, இரண்டு வரிகளை. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அழவில்லை.

“நின்னே இருக்காதா?”

“நின்றிருக்காது.”

“எத்தினி நாள் வுட்டிருந்தாலும்?”

“எத்தனை நாள் விட்டிருந்தாலும்.”

கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். ஈரக் கையோடு ஒரு பெண் வந்து நின்றாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து, கேட்கும் காது என் பக்கம் வரும்படி கட்டிலில் உட்காரவைத்தார்.

“மொதல்லேந்து சொல்லுங்க,” என்றார்.

தெருக்கதவு திறந்திருந்தது. கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன்.

“சத்தமா சொல்லுங்க சார். அதுக்குக் கேக்கணும்.”