ஏரிக்கு அடியில் எங்கள் சட்டம்

எண்பதுகளில் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. காலி குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நானும் தங்கையும் ஏரிக்கரைச் சரிவில் உட்கார்ந்திருப்போம். எனக்குக் கல்லூரி முடியப்போகிற வயது. அவள் இன்னும் பாவாடை சட்டையில் இருந்தாள். நேரம் போக வேண்டுமே என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஏரிக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது என்றாள்.

"அங்க தண்ணி லாரி எப்போ வரும்?" என்று கேட்டேன்.

"அங்க லாரி கிடையாதுக்கா. தண்ணியே வீட்டு வாசலுக்கு வந்து, எத்தனை குடம் வேணும்னு கேக்கும்."

"தண்ணிக்கு அடியில எப்படி மூச்சு விடுவாங்க?"

"பழகிடும்" என்றாள்.

அப்படித்தான் அந்த நகரம் வளர்ந்தது. அவள் நீதிபதி, நான் மந்திரி. தெருவிளக்குகளுக்குப் பதிலாக மீன்களை நிறுத்தினோம். தபாலை நீர்க்கோழிகள் கொண்டுபோய்க் கொடுத்தன. ரேஷன் கடையில் எடை போடும்போது கடைக்காரர் ஒரு கையைத் தன் தலைமேல் வைத்திருக்க வேண்டும். யாராவது ஓடி வருவதைப் பார்த்தும் பஸ்ஸை எடுக்கிற கண்டக்டர், அந்த ஆளை முதுகில் சுமந்து அடுத்த நிறுத்தம்வரை நடக்க வேண்டும். "நாளைக்கு வா" என்று சொல்லுகிற ஆபீசர், மறுநாள் விடிந்ததும் தானே அந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட வேண்டும். அங்கே ஜெயில் கிடையாது. அதற்கு அவசியம் வரவில்லை.

லாரி வந்ததும் டிரைவர், "இன்னாமா, பேசிக்கினே கீறீங்க, கொடத்த எடு" என்று கத்துவார். நகரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம்.

அப்பா குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையில் இருந்தார். எங்கள் தெருவில் டெலிபோன் இருந்தது பக்கத்து வீட்டில் மட்டும்தான். அந்த வீட்டுக்காரர் ஏதோ சர்க்கார் ஆபீசில் அதிகாரி. எல்லோரும் அவரை 'சார்' என்றே கூப்பிடுவோம். அவர் வீட்டு எண்ணைத்தான் பி.பி. நம்பர் என்று உறவுக்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தோம். போன் வந்தால் அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் பார்ப்பதும் அவர் வீட்டுக் கூடத்தில்தான்.

அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் கிணற்றுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் நாலு செங்கல்லை வைத்து வழியை அடைத்தார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. படம் பார்க்கவும் நாங்கள் போவதில்லை. ஆனால் போன் வந்தால் கூப்பிட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு வழி தேடியிருப்போம்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கூடவே இருந்தாள். நானும் தங்கையும் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தோம். அப்பா தேறி வருகிறார், திங்கட்கிழமை வந்து பார்த்தால் போதும் என்று அம்மா முதல்நாள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் சுவர் தாண்டி வந்தது. தங்கை கூடவே முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். நடுவில் அங்கே டெலிபோன் மணி அடித்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். சுவருக்கு மேலே தலை தெரிகிறதா என்று நான் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மறுபடியும் வசனச் சத்தம்தான் கேட்டது.

"நமக்கு இல்லக்கா" என்றாள் தங்கை. நாங்கள் தோசை சுட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் தாய்மாமா முதல் ரயிலில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"ஏண்டி வரல?"

எங்களுக்கு விளங்கவில்லை.

"சாயங்காலமே போன் பண்ணேனே. ரெண்டு பிள்ளைங்களையும் உடனே அனுப்பி வைங்க, அவர் பாக்கணும்னு கேக்கிறார்னு சொன்னேனே. சரி, சொல்லிடறேன்னு சொன்னாரே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்கப்பா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாருடி. செருப்புச் சத்தம் கேட்டா தலையத் தூக்குவாரு."

காரியங்கள் முடிந்தபின் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் நின்றேன். அவர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"லைன் சரியா கேக்கலைமா. ராங் நம்பர்னு நினைச்சேன்."

அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். அதன்பிறகு அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தாள். குடும்பம் எப்படியோ ஓடியது.

நாங்கள் மறுபடியும் ஏரிக்கரையில் குடங்களோடு உட்கார்ந்தபோது தங்கை ஒரு காலிக் குடத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஜெயில் கட்டணும்" என்றாள்.

நகரத்தின் குணமே மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டெலிபோன் வைத்தோம். பார்வையாளர் நேரம் என்பதை ஒழித்தோம். அடுத்தவருக்கு வந்த சேதியைக் கேட்டவன் அதைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு வாய் சோறு தின்னக்கூடாது என்று சட்டம் போட்டோம். மீறியவனுக்கு என்ன தண்டனை என்பதைப் பல நாட்கள் பேசினோம். நான் சவுக்கடி, சுண்ணாம்புக் காளவாய் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நீதிபதி எதையும் ஏற்கவில்லை.

"அவன் காதுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்க்கா. சாகிற வரைக்கும். எடுக்கிறதுக்குத்தான் போன் இருக்காது."

அந்த வயதில் அவளுக்கு அது எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. அதைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. சர்ச்சில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிப்பதைப் பற்றிய வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஓரக்கண்ணால் பார்த்தால் தங்கையின் உதடும் அசையாது.

தொண்ணூறுகளில் தெருத்தெருவாக மஞ்சள் பலகை முளைத்தது. நானும் மெயின் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்தேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன மின்விசிறி, வெளியே காத்திருப்பவர்களுக்கு மூன்று ஸ்டூல். தங்கை தாம்பரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நேராக பூத்துக்குத்தான் வருவாள்.

ஒருமுறை கேபிள் போட ரோட்டைத் தோண்டினார்கள். எங்கள் தெருவில் இருந்த போன்களெல்லாம் செத்துப்போயின; என் பூத் லைனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு சார் வந்தார். ரிட்டயர் ஆகியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் அமெரிக்காவில். சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தார்.

"மருமகளை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கம்மா. பிரசவம். கொஞ்சம் சிக்கலாம். பையனுக்கு இந்த நம்பரைக் கொடுக்கலாமா?"

"தாராளமா கொடுங்க சார்" என்றேன்.

மூன்று நாளாக வந்து உட்கார்ந்தார். போன் வரவில்லை. அடுத்த நாள் மாலை, அவர் வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போன கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. மகன்தான். குரல் உடைந்திருந்தது, சந்தோஷத்தில்.

"அப்பாகிட்ட சொல்லிடுங்கக்கா. பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும், நாளைக்குத்தான் மறுபடியும் பேச முடியும்."

"சரி, சொல்லிடறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை என் வாயில் வந்தது என்று உறைத்தது.

அவர் வந்தார். "வந்துச்சாம்மா?"

நான் பதில் சொல்லாமல் பில் போடுகிற மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒவ்வொரு மணிக்கும் எழுந்தார். வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். கர்ச்சீப்பைக் கசக்கினார். ஒரு லாரி கடந்துபோகிற சத்தத்தில் மணி அடித்ததுபோல் இருந்ததே என்று என்னைக் கேட்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இனித்தது. வேறு வார்த்தை போட்டு இதை மழுப்ப விரும்பவில்லை. பல வருஷமாக நாக்கில் தங்கியிருந்த கசப்பு அந்த மாலையில் சொட்டுச் சொட்டாக இனிப்பாகிக்கொண்டிருந்தது.

தங்கை வந்தாள். காதோரம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவரையே பார்த்தாள்.

"சொல்லாதே. உக்காரட்டும்."

பூத்தில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை. அவர் எழுந்து கவுண்டருக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "லைன்ல ஏதாவது கோளாறாம்மா? எனக்கு மனசே சரியில்ல. அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?"

"கோளாறு எதுவும் இல்ல சார். போன் வந்துச்சு. அப்பவே வந்துச்சு."

"வந்துச்சா! என்ன சொன்னான்? ஏம்மா சொல்லல?"

"லைன் சரியா கேக்கல சார். ராங் நம்பர்னு நினைச்சேன்."

 முதலில் என்மேல், பிறகு தங்கைமேல் என்று அவர் பார்வை மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. மறந்துபோயிருப்பாரோ என்கிற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. மறக்கவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"படம் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா" என்றார். "முடியட்டும், போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சாப்பாடு. அப்புறம்… மறந்தே போச்சு."

இத்தனை வருஷம் நான் அதைப் பகை என்று நினைத்திருந்தேன். அந்த நாலு செங்கல்லுக்குப் பழி வாங்கினார் என்று. பகையாக இருந்திருந்தால்கூட அப்பாவுக்கு அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். எழுந்து வர சோம்பல், அவ்வளவுதான். என் கோபம் குறையவில்லை. அப்போதுதான் கொழுந்துவிட்டு எரிந்தது.

"என் பையன் என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லிடும்மா. உன் கால்ல வேணா விழறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை பேசினாள். "காலெல்லாம் வேணாம். இப்ப எங்ககிட்ட சொன்னதை அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. அப்புறம் அக்கா சொல்லுவா."

அவர் போனார். தங்கை முன்னால் நடந்தாள். அவர் அவளுக்குப் பின்னால், செருப்பைக்கூட சரியாக மாட்டாமல், இழுத்துக்கொண்டே நடந்தார். நடந்ததைத் தங்கைதான் எனக்குச் சொன்னாள். அம்மா வாசலில் யாருக்கோ ரவிக்கைக்கு ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்தாளாம். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாராம். அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாளாம்.

"என்ன படம்?" என்று கேட்டாளாம்.

அவருக்கு ஞாபகம் இல்லை. யோசித்தாராம். நெற்றியைத் தேய்த்தாராம். யார் நடித்தது என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

"ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க" என்று அம்மா மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டாளாம்.

அவர் பூத்துக்குத் திரும்பி வந்தபோது நான் எழுந்து நின்று சேதியைச் சொன்னேன். பேத்தி பிறந்திருக்கிறாள், இருவரும் நலம், மகன் நாளை பேசுவான். ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். உள்ளே விசிறி வீணாக ஓடுகிறதே என்று நான் போய் ஸ்விட்சை அணைத்தேன்.

அன்று வீட்டில் அம்மா வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாள். ரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். கை கழுவும்போது, "குழந்தை ஆணா, பொண்ணா?" என்றாள்.

"பொண்ணு."

"குழந்தை நல்லா இருக்கட்டும்" என்றாள். வேறு யாருக்காகவும் அவள் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் பூத்துக்கு வரவில்லை. லைன் சரியாகும்வரை, அந்த வயதில், வெயிலில் சானடோரியம் ஸ்டேஷன் வரை நடந்துபோய் அங்கே ஒரு பூத்தில் பேசினார் என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது நன்றாகவே இருந்தது. சர்ச்சில் ஒரு அக்கா, வயசான மனுஷனை இப்படிப் படுத்தலாமா என்று என்னிடம் வருத்தப்பட்டாள். உங்கப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு செத்தாரா என்று கேட்டேன். 

ஒன்றிரண்டு வருஷத்தில் அவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போனார். சாமான் ஏற்ற வந்த லாரி, எங்கள் குறுகலான தெருவில் பின்பக்கமாகத் திரும்பும்போது எங்கள் காம்பவுண்டுச் சுவரில் உரசிக் கொஞ்சம் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. டிரைவர் பதறி இறங்கி ஓடி வந்தான்.

"மன்னிச்சிக்கமா, பின்னால தெர்லே."

"பரவால்லப்பா" என்றேன். "நீ பாத்துப் போ."