பாதித் தட்டு

ஜூலி, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற கையோடு, ஒக்டோபர் மாதம் கணவர் யேசுரட்ணத்துடன் ஸ்பெயினின் தென்பகுதியில் ஒன்பது நாள் சுற்றக் கிளம்பினாள். வாடகைக் கார். ஜூலிக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவது அவர்தான், ரொறன்ரோவில் முப்பது வருஷம் டெலிவரி வான் ஓடியவர். இதமான வெயில். வழிநெடுக ஒலிவ் மரங்கள். ஜூலி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள், ரொண்டாவுக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு கடையில் சாப்பிட இறங்கினார்கள். யேசுரட்ணம் கிழங்குப் பொரியலை முடித்துவிட்டு, "உவங்கள் மீன் வைக்க மறந்திட்டாங்கள்" என்றார்.

மீன் தட்டின் இடப்பக்கத்தில் முழுசாகக் கிடந்தது.

"பகிடி விடாதேங்கோ."

"என்ன பகிடி? பசியில நான் பகிடி விடுறனோ?"

ஜூலி மீன் வலப்பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி வைத்தாள்.

"அட, இப்ப வந்திட்டுது!"

இல்லத்தில் பக்கவாதம் வந்த சிலர் இப்படித்தான் பாதித் தட்டைத் தொடாமலே எழும்பிவிடுவார்கள். கண் நன்றாக இருந்தாலும் மற்றப் பாதி அவர்கள் மூளைக்கு இல்லை. எதிரே லொறிகள் வந்ததும் அந்த இடப்பக்கத்தில்தான்.

கார்ச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். கடைக்காரியிடம் "அம்புலன்ஸ்" என்றாள்.

"உமக்கென்ன விசரே? பின்னேரம் ரொண்டாவில ரூம் எடுத்திருக்கு!"

"ரூம் கிடக்கட்டும். ரெண்டு கையையும் நீட்டுங்கோ."

இடக்கை மெல்லத் தாழ்ந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டாள்: எப்போது தொடங்கியது? சில மணித்தியாலத்துக்குள் என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போடலாம்.

"இண்டைக்குக் காலமை எண்டு சொல்லும், ஜூலி. ஊசியைப் போடட்டும்" என்றார் யேசுரட்ணம்.

நேரம் பிழைத்தால் அந்த ஊசியே மூளைக்குள் இரத்தம் கசிய வைக்கும். போன மாதம் வீட்டுக் காரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. எவனோ இடித்துவிட்டான் என்றார், நம்பினாள். இங்கே வந்த முதல் நாளே இடக்கன்னத்தில் மட்டும் மழிக்காத தாடி இருந்தது. விடுமுறைதானே என்று விட்டாள். இதெல்லாம் வேறொரு கிழவருக்கு என்றால் அன்றைக்கே நேர்ஸைக் கூப்பிட்டிருப்பாள்.

"மூன்று கிழமைக்கு மேல்" என்றாள்.

டொக்டர் தலையாட்டி, ஊசி இல்லை, ஸ்கானுக்குப் போகலாம் என்றாள்.

"அப்ப இனி ஆர் கார் ஓடுறது?"

ஜூலி அவருக்குத் தெரியும்படி கட்டிலின் வலப்பக்கம் போய் நின்றாள்.

"ஒருத்தரும் இல்லை. பஸ்ஸில போவம்."